நல்ல குக்குரியை எப்படித் தெரிந்துகொள்வது?

காத்மாண்டுவின் தமேல் பகுதியிலோ டார்ஜிலிங் கடைவீதியிலோ நடந்தால், சால்வைக் கடைக்கும் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே கட்டாயம் ஒரு குக்குரிக் கடை இருக்கும். இணையத்திலும் 'கூர்க்கா கத்தி', 'நேபாளி குக்ரி' என்று வரிசையாக வருகின்றன. ஒன்று சில நூறு ரூபாய். அதற்குப் பக்கத்திலேயே அதே நீளம், அதே வளைவு, விலை மட்டும் பல மடங்கு. படத்தைப் பார்த்தால் மலிவானதுதான் அழகாக இருக்கிறது: பித்தளைப் பூவேலை, சிங்கமுகப் பிடி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு.

கிளை கழிக்க, விறகு பிளக்க, மூங்கில் சீவ என்று நிஜமாகவே வேலைக்கு வாங்குகிறவருக்கு இந்த அழகு எதுவும் உதவாது. குக்குரியின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, எப்படித் தோய்ச்சல் கொடுத்திருக்கிறார்கள், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கியிருக்கிறார்கள் என்பது. மற்றது, பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது. இரண்டுமே படத்தில் தெரியாது. தெரியாததைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

ஆயுதமா, கருவியா?

1814 முதல் 1816 வரை நடந்த போரில் கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளப் படையோடு மோதியது. எதிரியின் தீரத்தைப் பார்த்த கம்பெனி, போர் முடிவதற்குள்ளேயே கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. இன்றைக்கும் இந்திய ராணுவத்தின் கூர்க்கா ரெஜிமென்டுகளின் சின்னத்தில் இரண்டு குக்குரிகள் குறுக்காக நிற்கின்றன. அதனால் வெளியுலகத்துக்கு குக்குரி என்றால் போர்க்கத்தி.

நேபாள மலைக்கிராமத்தில் அது நம் ஊர் அரிவாள் மாதிரி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க, விறகு பிளக்க, இறைச்சி வெட்ட, வேலிக்குக் குச்சி சீவ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்பப் போடக் கூடாது என்று ஒரு கதை உலவுகிறதே, அதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை கத்தியை உருவி உறையிலிடும் விவசாயி அந்த விதியைக் கடைப்பிடித்தால், ஒரு வாரத்தில் அவருக்கு விரல் மிஞ்சாது.

வாங்குகிறவர் செய்யும் முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆயுதம் என்று நினைத்து வாங்குவதால் நீளமானதாக, கனமானதாக, பயமுறுத்துவதாகப் பார்க்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் வெட்டியதும் மணிக்கட்டு வலிக்கிறது. அப்புறம் அது சுவரில் தொங்குகிறது.

வளைவு செய்யும் வேலை

குக்குரியின் அலகு பிடியிலிருந்து கொஞ்ச தூரம் நேராக வந்து, அங்கிருந்து கீழ்நோக்கி மடங்குகிறது. அதன் வாயை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் எளிதாகப் புரியும்.

1. கழுத்து. அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள உலோகப் பூணை ஒட்டி, வாய் உள்பக்கம் குழிந்திருக்கும் இடம். கைக்கு மிக அருகில் இருப்பதால் அழுத்தமும் கட்டுப்பாடும் இங்கே அதிகம். குச்சி சீவவும் முளை கூராக்கவும் இந்த இடம்.

2. வயிறு. வளைவுக்கு அடுத்து, வாய் வெளிப்பக்கம் புடைத்து, அலகு மிக அகலமாக இருக்கும் இடம். ஓங்கி வெட்டும்போது மரத்தில் இறங்க வேண்டியது இதுதான். கத்தியின் எடை பெரும்பாலும் இங்கே குவிந்திருக்கிறது.

3. முனை. வயிற்றிலிருந்து ஒடுங்கி வரும் பகுதி. குத்தவும் கீறவும் பயன்படும். கல்லில் படக்கூடிய ஆபத்தும் இதற்குத்தான் அதிகம்.

அலகு கீழே மடங்கியிருப்பதால் ஒரு வசதி உண்டு. நேரான கத்தியால் வெட்டும்போது, வாய் மரத்தில் தட்டையாக இறங்க மணிக்கட்டைக் கீழே மடக்க வேண்டும். குக்குரியில் அந்த மடக்கலை அலகே செய்துவிடுகிறது. மணிக்கட்டு நேராக இருக்கிறது, வயிறு மட்டும் சாய்ந்து இறங்குகிறது. புடைத்த வாய் சாய்வாகப் படுவதால் வெறும் அடியாக இல்லாமல் இழுத்து அறுப்பதும் சேர்ந்துகொள்கிறது. கோடாலியின் பாரம், கத்தியின் அறுப்பு, இரண்டும் ஒரே வீச்சில்.

இதன் குறையும் இந்த வடிவத்திலேயே இருக்கிறது. நம் அரிவாளின் நுனி கொக்கி மாதிரி முன்னால் வளைந்து, மெல்லிய துவளும் கொம்பைப் பிடித்து இழுத்து அறுக்கும். குக்குரியின் வயிறு வெளியே புடைத்திருப்பதால் அந்த மாதிரிக் கொம்பு வழுக்கி ஓடிவிடும். சீமைக்கருவேல முள்ளைக் கழிக்க குக்குரி வாங்காதீர்கள், அரிவாளே மேல். மணிக்கட்டுத் தடிமன் உள்ள கட்டை, மூங்கில், காய்ந்த விறகு, இவற்றில்தான் குக்குரி தன் விலைக்கு வேலை செய்யும்.

பூணுக்கு முன்னால் வாயில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். நேபாளியில் கௌடி என்பார்கள். சிவனின் சூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு ஓடாமல் தடுக்கும் வழி என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு. வாங்குகிறவருக்கு அது சொல்லும் செய்தி வேறு. கையால் அரம் பிடித்துச் சுத்தமாக வெட்டிய கௌடி, மற்ற இடங்களிலும் கொல்லர் அவசரப்படவில்லை என்பதற்கு ஒரு சின்ன சாட்சி. கரடுமுரடாகவோ ஒரு பக்கம் கோணலாகவோ இருந்தால் மற்ற இடங்களைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

இரும்பும் தோய்ச்சலும்

நேபாளத்தில் குக்குரி அடிப்பவர்கள் காமி சாதிக் கொல்லர்கள். விஸ்வகர்மா என்றும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பக்கத்துப் பட்டறைகளுக்கு இதில் பெயர் உண்டு. இன்று அவர்கள் பெரும்பாலும் கையாளும் இரும்பு, லாரி, ஜீப்பிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. பழைய இரும்பு என்று முகம் சுளிக்க வேண்டாம். பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. ஓங்கி வெட்டும் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பு இவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. விற்பவர் 'ஸ்பிரிங் ஸ்டீல்' என்றாலும், 5160 என்று எண் சொன்னாலும், பேச்சு இந்த வகை எஃகைப் பற்றித்தான்.

இரும்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. எஃகைப் பழுக்கக் காய்ச்சி சட்டென்று குளிரவைத்தால் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். மெதுவாக ஆறவிட்டால் மிருதுவாகிவிடும், அடி தாங்கும், ஆனால் கூர் நிற்காது. கத்தி முழுவதையும் கடினமாக்கினால் ஒரு நாள் ஒடியும். முழுவதும் மிருதுவாக இருந்தால் மரத்தின் முதல் முடிச்சிலேயே வாய் மடங்கும். வாய் கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் ஒரே கத்தியில் இருக்க வேண்டும்.

காமிகள் இதை ஒரு கெட்டிலை வைத்துச் சாதிக்கிறார்கள். உலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வரும் அலகை வாய் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொள்கிறார் ஒருவர். நீண்ட மூக்குள்ள கெட்டிலிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் வாயின் ஓரமாக மட்டும் ஓடுகிறது, முன்னும் பின்னும். வயிற்றில்தான் அதிக நேரம். ஆவி சீறுகிறது. வாய் கறுத்துவிட்டது, முதுகு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. தண்ணீரை நிறுத்தியதும் முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக வாய்ப்பக்கம் திரும்பி வருகிறது. அந்த இளஞ்சூடு கடினமான வாயின் நொறுங்கும் குணத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. ஏறும் சூட்டை அவர் அலகில் ஓடும் நிறத்தை வைத்துப் படிக்கிறார். அதிகமாகிவிட்டால் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர். மொத்தமும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கத்தியின் ஆயுள் அந்த நிமிடத்தில் இருக்கிறது.

நன்றாகச் செய்த குக்குரியில் வயிற்றின் வாய் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை இருக்கும். கழுத்தும் முனையும் அதைவிடச் சற்று மிருது, முதுகு இன்னும் மிருது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து 'எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லையே' என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது குறை இல்லை, அதற்காகத்தான் அந்தக் கெட்டில்.

மலிவான சுற்றுலாக் குக்குரியில் இந்தக் கட்டமே இருக்காது. சாதா இரும்புத் தகட்டை வெட்டி, தேய்த்து, மெருகு போட்டு முடித்துவிடுவார்கள். இதன் காரணம் எளிமையானது. பழைய நேபாளக் கிராமத்தில் கொல்லருக்குக் கூலி வருடத்துக்கு ஒருமுறை தானியமாக வரும். பாலி என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். வாய் மடங்கினால் கத்தி அவரிடமே திரும்பி வரும், அவர்தான் கூலி கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். நல்ல தோய்ச்சல் போட்டால் அவருக்கே வேலை மிச்சம். சுற்றுலாப் பயணியின் கத்தி திரும்பி வருவதில்லை.

பிடிக்குள் என்ன இருக்கிறது

அலகிலிருந்து பிடிக்குள் போகும் இரும்பை வால் என்று வைத்துக்கொள்வோம். ஓங்கி வெட்டும்போது வால் ஒடிந்தாலோ கழன்றாலோ அலகு பறந்து காயப்படுத்தும். மூன்று விதமான அமைப்புகள் கிடைக்கின்றன.

1. அரைவால். பிடியின் பாதி அல்லது முக்கால் தூரம் வரை போய் நின்றுவிடும். ஒட்டவைப்பது அரக்கு மட்டும்தான், நேபாளியில் லாஹா. பழைய கிராமத்துக் குக்குரிகள் பலவும் இப்படித்தான், வருடக்கணக்கில் உழைத்தும் இருக்கின்றன. ஆனால் அந்த வால் தடிமனாக இருக்கும். கடையில் பிடிக்குள் இருப்பது தடித்த வாலா, விரல்நீள ஆணியா என்று உங்களால் பார்க்க முடியாது.

2. எலிவால். ஒடுங்கிக்கொண்டே போய் பிடியின் அடிப்பக்கம் வெளியே வந்து, ஒரு சின்ன உலோகத் தகட்டின் மேல் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அடித்த தடம் வெளியே தெரியும். பிடி போனால் மாற்றுவதும் எளிது.

3. முழுவால். பிடியின் வடிவத்திலேயே இரும்பு முழுக்க வரும், இரண்டு பக்கமும் மரமோ கொம்போ வைத்து ஆணி அறைந்திருக்கும். நேபாளியில் பனாவல். ஓரத்தில் இரும்பு தெரியும் என்பதால் ஏமாற்ற வழியில்லை.

எதை எடுப்பது? பலரும் யோசிக்காமல் முழுவால் என்பார்கள். பலம் அதற்குத்தான் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் அடியின் அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும், கத்தியும் கனக்கும், வறண்ட காலத்தில் மரம் சுருங்கினால் இரும்பின் ஓரம் உள்ளங்கையை உறுத்தும். தினமும் விறகு பிளப்பவருக்கு முழுவால் சரி. மற்றவர்களுக்கு வெளியே வந்து மடக்கிய எலிவாலே போதும் என்பது என் கணிப்பு. அரைவாலை, அடித்தவரை நேரில் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

பிடியின் பொருளைப் பொறுத்தவரை ஈட்டி மரம் போன்ற கனமரம் வேலைக்கு நல்லது. எருமைக்கொம்பு பார்க்க அழகு. வியர்வைக் கையில் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். முழுப் பித்தளைப் பிடி என்றால் அலமாரிக்கு.

இன்னொன்று, அளவு. குக்குரிப் பிடியின் அடிப்பாகம் விரிந்திருக்கும், நடுவில் ஒரு வளையம் புடைத்திருக்கும். வீசும்போது கை நழுவாமல் காப்பவை இவை. கை பெரியதாக இருந்தால் இதே வளையமும் விரிந்த அடியும் உள்ளங்கையில் கொப்புளம் போடும். நான்கு விரலும் நெருக்கமில்லாமல் அடங்குகிறதா என்று கட்டாயம் பிடித்துப் பாருங்கள்.

எடை, தடிமன், வகைப் பெயர்கள்

முதுகு தடித்திருந்தால் தரம் என்ற நம்பிக்கை கடைக்காரர்களுக்கு மிகவும் வசதியானது. பத்து மில்லிமீட்டர் முதுகைக் காட்டி 'உடையவே உடையாது சார்' என்பார்கள். உடையாதுதான். மரத்துக்குள்ளும் இறங்காது. தடிமன் ஆப்பு மாதிரி நடுவில் சிக்கிக்கொள்ளும், வீசுகிற கையும் சீக்கிரம் ஓயும்.

பொது வேலைக்கு 10 அங்குல அலகு, பூணருகே 7–8 மில்லிமீட்டர் முதுகு, மொத்தம் 600 கிராமுக்குள் எடை என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. முதுகு அந்தத் தடிமனிலேயே நுனி வரை போகக் கூடாது, முனையை நோக்கிப் படிப்படியாக மெலிய வேண்டும். மேலே இருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இந்த மெலிவு தெரியும். அடித்துச் செய்த கத்திக்கும் தகட்டில் வெட்டிய கத்திக்கும் இது நல்ல அடையாளம்.

கடையில் கேட்கும் பெயர்கள் பெரும்பாலும் வடிவத்தைச் சொல்பவை. சிருபாத்தே என்றால் சிரு என்ற புல்லின் இலை மாதிரி ஒடுங்கியது, லேசானது, கை வேகமாக வரும், கட்டை பிளக்கச் சுமார். போஜ்பூரே வயிறு அகன்றது, விறகுக்கு ஏற்றது. அங்கோலா என்பதில் முதுகை ஒட்டி ஒரு குழிவு ஓடும். தடித்த முதுகின் பலத்தை விடாமல் எடையை மட்டும் குறைக்கும் தந்திரம் அது. சிர்ரா என்றால் அலகில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள். வெள்ளி வேலைப்பாட்டு உறையோடு வரும் கோத்திமோராவைப் பரிசாகக் கொடுப்பார்கள், அதைக் கொண்டு யாரும் விறகு வெட்டுவதில்லை. 'கூர்க்கா ராணுவ மாடல்' என்ற பெயருக்கு மட்டும் தனி மதிப்பு எதுவும் தர வேண்டாம். எந்தக் கத்தியின் மேலும் அதை ஒட்டலாம்.

இவற்றோடு குக்குரி வடிவத்தில் வெட்டிய மெல்லிய இயந்திரத் தயாரிப்புக் கத்திகளும் சந்தையில் உண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில், பிளாஸ்டிக் பிடியோடு. குக்குரிப் பிரியர்கள் இவற்றைக் கத்தியாகவே மதிப்பதில்லை. புதர் வெட்ட மட்டும் என்றால் இது மோசமான தேர்வே இல்லை என்பேன். தோய்ச்சல் ஒரே சீராக இருக்கும், தொலைந்தாலும் மனம் நோகாது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

1. கண். வாயை உங்கள் பக்கம் திருப்பி, பிடியிலிருந்து முனை வரை நேராகப் போகிறதா என்று பாருங்கள். லேசான கோணல் கைவேலையில் வரும். வயிற்றில் நெளிவு இருந்தால் விட்டுவிடுங்கள்.

2. காது. பிடியை இறுகப் பிடித்து, அலகின் முதுகை இன்னொரு கையால் தட்டுங்கள். ஒரே கெட்டியான சத்தம் வர வேண்டும். உள்ளே 'லொட லொட' என்றால் அரக்கு விட்டிருக்கிறது. பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

3. அரம். இதுதான் முக்கியமான சோதனை. புதிய, மெல்லிய பல் உள்ள சின்ன அரம் ஒன்றை வயிற்றின் வாயில் லேசாக ஒரு தள்ளு. தோய்ச்சல் ஏறியிருந்தால் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கும். மிருதுவாக இருந்தால் பல் பற்றி இழுக்கும், இரும்புத் துகள் உதிரும். பிறகு முதுகில் அதே தள்ளு, அங்கே அரம் கடிக்க வேண்டும். வாயில் வழுக்கி முதுகில் கடித்தால் கெட்டில் தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டிலும் கடித்தால் அது தோய்ச்சல் இல்லாத தகடு. இரண்டிலும் வழுக்கினால் இன்னும் கவனம், முழுக்கக் கடினமான கத்தி ஒடியலாம். கடைக்காரர் அரத்தைத் தொடவிடவில்லை என்றால் கோபப்படாதீர்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டில் சோதித்துத் திருப்பித் தரலாமா என்று மட்டும் கேளுங்கள்.

4. விரிசல். தண்ணீர்த் தோய்ச்சலில் சில சமயம் வாயில் மயிரிழை விரிசல் விழும், மெருகு அதை மூடிவிடும். அலகில் மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரக்கோடாக வரும். வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறும் கோடு தெரிந்தால் அந்தக் கத்தியை வெட்டப் பயன்படுத்தாதீர்கள்.

5. கூடவே வரும் குட்டிகள். உறையின் பின்பக்கம் இரண்டு சின்னக் கத்திகள் செருகியிருக்கும். கர்தா சில்லறை வேலைக்கு. சக்மக் கூர் இல்லாதது, மடங்கிய வாயை நிமிர்த்தித் தேய்க்க. சக்மக் கத்தியின் வாயைவிடக் கடினமாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அதை அரத்தால் உரசிப் பார்க்கக் கடைக்காரர் பொதுவாக மறுக்க மாட்டார். சக்மக்கும் வெறும் தகடாக இருந்தால், பெரிய கத்தியைப் பற்றியும் உங்களுக்கு விடை கிடைத்த மாதிரி.

இணையத்தில் வாங்குகிறவருக்கு இவற்றில் பாதி கைகூடாது. அங்கே கேட்க வேண்டியவை எடை கிராமில், முதுகின் தடிமன், பிடியின் அடிப்பக்கப் படம், என்ன இரும்பு, எப்படித் தோய்ச்சல், திருப்பி எடுப்பார்களா. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் விற்பனையாளர்கள் நேபாளத்தில் இருக்கிறார்கள். சிலர் அடித்த கொல்லரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். பல தலைமுறையாகத் தீண்டாமையை அனுபவித்த ஒரு சமூகத்தின் கைவேலைக்கு அந்தப் பெயர் தாமதமாக வந்த மரியாதை. வாங்குகிறவருக்கும் அது ஒரு உத்தரவாதம்.

உறையில் இருக்கும் ஆபத்து

குக்குரியால் காயம் படுவது வெட்டும்போதைவிட உருவும்போது என்று பழகியவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைகள், மேலே தோல். வளைந்த அலகை உருவும்போது வாய் உறையின் உள்ளோரத்தை அழுத்திக்கொண்டே வரும். நாளாவட்டத்தில் அந்த ஓரம் அறுந்துவிட்டால், அங்கே விரலைச் சுற்றிப் பிடித்திருப்பவரின் நிலைமை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். உறையை முதுகுப்பக்கமாகப் பிடித்து, விரல்கள் வாய்ப்பக்கம் சுற்றாமல், அலகின் முதுகு உறையை உரசிக்கொண்டு வரும்படி மெதுவாக உருவ வேண்டும்.

தலைகீழாகப் பிடித்தால் கத்தி தானாக விழாத அளவுக்கு உறை இறுக்கமாக இருக்க வேண்டும், அதே சமயம் இழுத்துப் பிடுங்க வேண்டியதாகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு உறையும் அந்தந்தக் கத்திக்கென்று செய்தது. இன்னொரு குக்குரியின் உறை பொருந்துவது அபூர்வம், ஆகவே உறை கெட்டிருந்தால் விலை பேசாமல் வேறு கத்தி பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளின் பட்டியலில் குக்குரி பெயர் சொல்லியே இருக்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகளைப் பற்றிய வகை அது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அதில் சேராது. இந்த வகைக்கு உரிமம் கட்டாயமா என்பது, அந்தந்தப் பகுதிக்கு அரசு தனி அறிவிப்பு போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வீட்டில் வைத்துக்கொள்வது வேறு, இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது வேறு. பத்து அங்குலக் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துப் போய் 'தோட்ட வேலைக்கு' என்று விளக்குவது கஷ்டம். வாங்குவதற்கு முன் உள்ளூர் நிலவரத்தைக் காவல் நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது. நேபாளத்திலிருந்து விமானத்தில் வந்தால் கைப்பையில் அனுமதி இல்லை, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும்.

வாங்கிய பிறகு

புதிய குக்குரி பலவும் முழுக்கூரோடு வருவதில்லை. கழுத்தில் வாய் உள்ளே குழிந்திருப்பதால் தட்டையான சாணைக்கல் அங்கே சரியாகப் படாது. நல்ல வழி, பழைய ரப்பர் செருப்பின் மேல் நீர் உப்புத்தாளை விரித்து, கத்தியை முதுகு முன்னால் போகும்படி இழுப்பது. ரப்பர் லேசாக அமுங்குவதால் வாயின் புடைப்பு கெடாது. 400 எண்ணில் ஆரம்பித்து 1000 எண்ணில் முடித்தால் தோட்ட வேலைக்கு ஏராளம். தெருவில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வேகமாகச் சுற்றும் கல்லில் வாய் நீலம் பாய்ந்தால், கெட்டிலில் ஏறிய தோய்ச்சல் அங்கேயே போய்விடும்.

ஸ்பிரிங் பட்டை இரும்பு துருப்பிடிக்கும், அதிலும் கடற்கரை ஊர்களில் ஒரே இரவு போதும். வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். நேபாளத்தில் கடுகெண்ணெய் வழக்கம், தையல் மெஷின் எண்ணெயும் சரிதான். சமையல் எண்ணெய் எதுவானாலும் மாதக்கணக்கில் விட்டால் பிசுபிசுப்பாகக் கெட்டியாகிவிடும். நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால் உறைக்கு வெளியே, எண்ணெய்த்துணியில் சுற்றி வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பிடியை ஒட்டியிருக்கும் அரக்கு சூட்டுக்கு இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ அடுப்பு மேடையிலோ விட்டால் பிடி ஆட ஆரம்பிக்கும். லேசான ஆட்டமாக இருந்தால் பதற வேண்டியதில்லை. கத்தியை முனை மேலே பார்க்க நிறுத்தி, அரால்டைட் மாதிரி இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூணின் இடுக்கில் ஊசியால் விட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் வால் குட்டையாக இருக்கிறது. அந்தக் கத்தியை ஓங்கி வீசாதீர்கள்.